நுனி வெட்டிய காது

சனிக்கிழமை என்றாலே டாக்டருக்கு இடுப்பு கழன்றுவிடும். வாரத்தில் ஐந்து நாள் கால்நடைக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பாடம். ஆறாவது நாள் அங்கேயே தெருப்பூனைகளுக்குக் கருத்தடை. பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. "வீட்டுல ஒரு பூனை கிடையாது, துணியெல்லாம் பூனை முடி" என்று மகள் அலுத்துக்கொள்வாள். பதில் சொல்லக்கூட அம்மாவுக்குத் தெம்பு இருக்காது.

மாணவர்களுக்கு முதல் நாளே அவர் சொல்லிவைக்கும் சட்டம் ஒன்று உண்டு. கடைசித் தையல் போட்ட பிறகுதான் இடது காது நுனியை வெட்ட வேண்டும். வெட்டிய காதைப் பார்த்தால் அந்தப் பூனையை யாரும் மறுபடி பிடித்து வரமாட்டார்கள். "அதுதான் நம்ம கையெழுத்து" என்பார்.

அன்று தையல்காரம்மா கூண்டோடு வந்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் துணி தைக்கிறவர், அங்கே நாலு தெருப் பூனைகளுக்கும் சோறு போடுகிறவர். அவர் கூப்பிட்டால்தான் அவை கூண்டுக்குள் கால் வைக்கும். கூண்டில் ஒரு சாம்பல் பூனை. இடது காதில் நுனி இல்லை. பக்கத்துக் கூடையில் மூன்று குட்டிகள், சோறு தின்னும் வயசு.

"காதை வெட்டிட்டீங்க, அப்புறம் குட்டி எப்படி வந்துச்சு டாக்டர்? தெருவே என்னைக் கேலி பண்ணுது. இப்படின்னா இனிமே என்கிட்ட ஒரு பூனைகூட எதிர்பார்க்காதீங்க."

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாணவர்கள் பக்கம் திரும்பினார். "யாரு பண்ண வேலை இது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

மாணவி ஒருத்தி தரையைப் பார்த்தபடி பதிவேட்டை நீட்டினாள்.

ஐந்து மாதத்துக்கு முந்தைய பக்கம். அன்று முப்பத்தெட்டுப் பூனைகள். இருபத்தொன்பதாவது: சாம்பல், பெண். மயக்கத்தில் மூச்சு சரியில்லை, அறுவை நிறுத்தப்பட்டது. காது: வெட்டியாயிற்று. கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. நேரம் மிச்சமாகட்டும் என்று, மயக்க ஊசி போட்டு வரிசையாகக் கிடந்த நாலு பூனைக்கும் அவரே முன்கூட்டிக் காது வெட்டியது இப்போது நினைவுக்கு வந்தது. மாணவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாத்தியாரம்மாவிடம் போய்ச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

தலைகுனிந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்துத் தையல்காரம்மாவுக்கு மனம் இளகிவிட்டது. "கத்துக்குற பிள்ளைங்கதானே, தப்பு நடக்கத்தான் செய்யும். திட்டாதீங்க, விடுங்க."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் தீர்ந்தது.

"பிள்ளைங்க இல்லம்மா, நான்தான். உடம்பு அசந்துபோய் இருந்துச்சு. அவசரப்பட்டுட்டேன்."

வெட்கமாக இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லி அதையும் கட்டிக் காப்பாற்ற யாரால் ஆகும் என்றும் இருந்தது.

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார் என்றுதான் டாக்டர் நினைத்தார். அவரோ சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னைக்கு நீங்க கத்தியைத் தொட வேண்டாம். உட்காருங்க. பிள்ளைங்க பண்ணட்டும்."

டாக்டர் உட்கார்ந்தார். பதிவேட்டை நீட்டியவளே கத்தியை எடுத்தாள். நிதானமாகச் செய்தாள். கடைசித் தையலும் போட்டு முடித்து, பழக்கத்தில் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டியவள், பூனையின் காதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். நாற்காலிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.