வேலப்பன்சாவடியில் ஒரு படகு

வேலப்பன்சாவடி ரோட்டோரம், லாரிமேல் ஏற்றிய பாய்மரப் படகுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். முதலாளி கண்ணை மூடிய பிறகு அவர் பிள்ளைகள் இதை மேற்கே ஏரியில் படகு விடுகிற யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். வழியில் டீசல் என்ஜினுக்கு ஆயில் மாற்றித் தரவேண்டுமாம். பழைய ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியிருந்தால் அவருக்குப் படகு வேண்டாமாம், என்னோடு காசிமேட்டுக்கே திரும்பிவிடும்.

ஆயில் இளக என்ஜின் ஓடிச் சூடாக வேண்டும். ஓடும்போது குளிர்ச்சிக்குக் கடல்தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இங்கே கடலுக்கு எங்கே போவது? பக்கத்து வாட்டர் சர்வீஸ்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவருகிறார். குழாயைப் போட்டதும் வாளி காலியாகிறது.

"இன்னா நைனா, மாடு கணக்கா குடிக்குது?"

"குடிச்சிகினேதான் ஓடும்பா."

அவர் குனிந்து பார்க்கிறார். "ஆயில் எறக்குற நட்டு எங்க கீது?"

"அதுக்குக் கை போவாது. மேலேர்ந்து உறிஞ்சணும்."

ஆயில் அளவு பார்க்கிற கோலை உருவிவிட்டு அந்தத் துளையில் சின்னக் குழாயை விட்டுக் கைப்பம்பை இழுக்கிறேன். முதலாளியும் நானும் மாற்றி மாற்றி இழுப்போம். அவருக்குக் கை வலித்தால் பீடி கேட்பார். வெளுத்திரு, வெளுத்திரு என்று குழாயையே பார்க்கிறேன்.

தண்ணீர் கலக்காமல் கருகருவென்று வருகிறது.

"நல்லா வச்சிகினு கீற நைனா," என்கிறார் லாரி டிரைவர்.

புது ஆயிலை ஊற்றி மூடிவிட்டு இறங்குகிறேன். லாரி கிளம்புகிறது.

"நீ ஏறல?" என்கிறார் வாட்டர் சர்வீஸ்காரர்.

"வித்ததுல நான் சேத்தி இல்லப்பா."