அத்தையின் குரல்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அத்தையின் குரலைப் போட்டுக் காட்டினார்கள்.

அவள் அப்பாவின் தங்கை. தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். இரும்புலியூரில் எங்கள் தெரு முடியும் இடத்தில் ஏரிக்கரை தொடங்கும். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அந்தக் கரையில் மண் சரிவதை அவள் பார்த்தாள். தெரிந்த அரசாங்க எண்களுக்கெல்லாம் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினாள்.

அந்தக் குரல் எங்கெங்கோ போனது. மதியத்துக்குள் ஏரியே உடைந்துவிட்டதாக ஊர் பேசியது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜிஎஸ்டி சாலைக்கு ஓடினார்கள். அங்கே ஆம்புலன்ஸ்கூட நகர முடியவில்லையாம்.

மாலையில் ஓர் இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் காவலரும் வந்தார்கள். ஈர பூட்ஸோடு ஹாலில் நின்று இன்ஸ்பெக்டர் தன் போனை அழுத்தினார்.

"கரையில மண்ணு சரியுது. கீழ் வூட்ல இருக்கறவங்க மாடிக்குப் போயிடுங்க."

அத்தை வாயைத் திறக்காமல் எதிரே நிற்க, அவள் குரல் மட்டும் தனியாகப் பேசியது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் குரல்தானேமா?"

"ஆமா சார். ஏரி உடைஞ்சிடுச்சுன்னு நான் சொல்லல. பார்த்ததைத்தான் சொன்னேன்."

"அதைச் சொல்றதுக்கு கவர்மெண்ட் கீது. நீ யாரு?"

அப்பா தயங்கித் தயங்கி, "கூட்டிட்டுப் போறதுக்கு எதுனா பேப்பர் இருக்கா சார்?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் அப்பாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அப்பா உடனே அம்மாவிடம் டீ போடச் சொன்னார்.

டீ வருவதற்குள் அத்தையை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். போனையும் வாங்கிக்கொண்டார்கள். அப்பா ஸ்கூட்டரில் பின்னாலேயே போனார். அத்தை இனி வரமாட்டாள் என்று நினைத்து அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

இருட்டியதும் அப்பா அவளை அழைத்து வந்தார். அதற்கு முன்பே, ஸ்டேஷனில் எடுத்த அவள் வீடியோ தெருவில் எல்லோருக்கும் வந்துவிட்டது. தான் வதந்தி பரப்பியதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும், யாரும் எதையும் நம்பவேண்டாம் என்றும் அதில் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் பேசினாள். எதிர்வீட்டு அக்கா அதை எனக்கே காட்டினாள்.

மறுநாள் காலையில் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. அறிவிப்பு எதுவும் வரவில்லை. நான் மாடியிலிருந்து பார்த்தேன். அத்தை முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். திறந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடியைக் கையால் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்தே எல்லோரும் ஏறினார்கள். எங்கள் தெருவில் ஓர் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நனைந்து நடுங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, நான் ஒரு டம்ளர் வெந்நீரோடு படியில் காத்திருந்தேன். அத்தைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்றுதான் நினைத்திருந்தேன்.