தாட்சாயிணி மயங்கி விழுந்த காலம்

தாட்சாயிணி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். வீடு திருமுல்லைவாயிலில். காலையில் வெள்ளானூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிவந்து ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்குவாள். மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவாள். புருஷன் வேம்புலிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஒரே மகள் பவித்ரா பி.காம். முடித்து ஓர் ஆடிட்டரிடம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாற்பத்து நான்கு வயது வரை தாட்சாயிணி ஆஸ்பத்திரியில் படுத்தது பிரசவத்துக்கு மட்டும்தான்.

முதல் தடவை ரேஷன் கடை வரிசையில் விழுந்தாள். கண் திறந்தபோது யாரோ முகத்தில் சோடா தெளித்துக்கொண்டிருந்தார்கள். "காலீல சாப்புடல" என்றாள். உண்மையில் சாப்பிட்டிருந்தாள். அப்படிச் சொன்னால்தான் கூட்டம் கலையும் என்று தோன்றியது.

இரண்டாவது தடவை கொரட்டூரில், நாத்தனார் தாயம்மாள் வீட்டில். தாயம்மாளுக்குத் தன் மகன் விஷாலுக்குப் பவித்ராவைக் கட்டவேண்டும் என்று ஆசை. பவித்ராவுக்கு அதில் விருப்பமில்லை.

"முறைப் பையன் இங்க கீறப்போ வெளியில குடுக்க நெனச்சுகினு கீறியா?" என்று தாயம்மாள் கேட்டாள்.

"அதுக்கே இஷ்டம் இல்ல அண்ணி. நான் இன்னா பண்ணட்டும்?"

அடுத்த வார்த்தை வாயில் இருக்கும்போதே தாட்சாயிணி நாற்காலியிலிருந்து சரிந்தாள். கை இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தது. கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து உட்கார்ந்தாள்.

"பேச்சு முத்துனா இவளுக்கு மயக்கம் வந்துரும். நல்லா நடிக்கிறா" என்றாள் தாயம்மாள், தம்பி வேம்புலியின் காதில் விழும்படி. வேம்புலிக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம்.

கை இழுத்ததைக் கேட்ட பக்கத்துத் தெரு டாக்டர் வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் பகலெல்லாம் தூக்கம் வந்தது. அந்த வாரமே தாட்சாயிணி வேன் சாவியைத் தெரிந்த டிரைவர் கோபியிடம் கொடுத்துவிட்டாள். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை.

"அவ்ளோ புள்ளைங்க உள்ள குந்தினு வருதுங்க. நான் ஸ்டீயரிங் மேல சாஞ்சிட்டேன்னா?" என்றாள்.

அதற்குப் பிறகு தன் வேனிலேயே அவள் உதவியாளாக ஏறினாள். கதவு திறப்பது, பையை வாங்கி வைப்பது, சின்னதுகளைக் கைபிடித்து இறக்குவது. "ஆன்ட்டி, நீங்க ஏன் ஓட்டல?" என்று பிள்ளைகள் கேட்டால், கோபி அங்கிள் நன்றாக ஓட்டுகிறார் என்பாள்.

மூன்றாவது தடவை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் பவித்ராவின் கண்ணெதிரே விழுந்தாள். கட்டில் முனையில் பட்டுத் தாடை கிழிந்தது. தையல் போட அரசு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில்தான் டாக்டர் லாவண்யாவைப் பார்த்தார்கள். இளம் வயது, அவசரமில்லாத பேச்சு. தாட்சாயிணியைவிட அதிகமாகப் பவித்ராவிடம்தான் கேட்டார்.

"விழுறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாங்களா? தலை சுத்துது, கண்ணு இருட்டுதுன்னு?"

"ஒண்ணுமே சொல்லல மேடம். அப்பிடியே உயுந்துட்டாங்க."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையா வெளிறிப்போச்சு."

"எழுந்ததும் உங்களை அடையாளம் தெரிஞ்சுதா? உளறினாங்களா?"

"இல்ல. ஒடனே, அடுப்புல பால் கீது, ஆஃப் பண்ணுன்னாங்க."

வலிப்பு வந்தவர்கள் இவ்வளவு சீக்கிரம் தெளிய மாட்டார்கள், இதயத்தைப் பார்க்கவேண்டும் என்றார் லாவண்யா. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. எக்கோ ஸ்கேனும் சரி. பிறகு மார்பில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்க வைத்திருக்கச் சொன்னார்கள். இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் அது பதிந்துகொள்ளும்.

அன்றைக்குத் தாட்சாயிணி விழுவதற்கு எல்லா முயற்சியும் செய்தாள். சாப்பிடாமல் இருந்தாள். மாடிப்படியில் ஏறி இறங்கினாள். மொட்டை மாடி வெயிலில் நின்றாள். எதுவும் ஆகவில்லை. பெட்டியிலும் ஒன்றுமில்லை.

அடுத்து ஒரு மேசையில் படுக்கவைத்து, வாரால் கட்டி, மேசையோடு நிமிர்த்தி நிற்கவைத்துப் பார்த்தார்கள். குமட்டல் வந்தது, மயக்கம் வரவில்லை.

சேதி கொரட்டூருக்குப் போனது. "நான் அன்னிக்கே சொல்லல?" என்றாள் தாயம்மாள்.

அது தாட்சாயிணிக்கு உறைத்தது. பொய் சொல்கிறாள் என்று மற்றவர்கள் நினைப்பதை அவளால் தாங்க முடிந்தது. ஆனால் இத்தனை மெஷினும் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, தனக்கே தெரியாமல் தான் நடிக்கிறோமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. லாவண்யாவிடம் அதைக் கேட்டும் விட்டாள்.

லாவண்யா பவித்ரா பக்கம் திரும்பினார். "விழுந்தப்போ அம்மா கண்ணு மூடியிருந்துச்சா, திறந்திருந்துச்சா?"

"தெறந்துதான் இருந்துச்சு. எங்கியோ பாக்கற மாரி."

"மனசு காரணமா விழுறவங்க பெரும்பாலும் கண்ணை மூடிக்குவாங்க" என்றார் லாவண்யா. "டெஸ்ட் நல்லா இருக்குங்கறதால ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. மெஷின் இருந்த அன்னிக்கு உங்களுக்கு மயக்கம் வரல, அவ்வளவுதான். மெஷினை உள்ளயே வச்சிருவோம்."

மார்பெலும்புக்கு இடப்பக்கம், தோலுக்கு அடியில், சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஒரு கருவியைச் செருகி ஒரே தையல் போட்டார்கள். லூப் ரெக்கார்டர் என்று பெயர். அது சில வருஷங்கள் உள்ளேயே இருந்து இதயத்தைக் கவனிக்கும். கையில் ஒரு சின்ன ரிமோட்டும் கொடுத்தார்கள். மயக்கம் வந்து தெளிந்ததும் அதை அமுக்கவேண்டும். வலிப்பு மாத்திரையை லாவண்யா மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்.

பிறகு மாதக்கணக்கில் மயக்கமே வரவில்லை. தாட்சாயிணி ரிமோட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வேனில் போய்வந்தாள். தினமும் காலையில் எழும்போது இன்றைக்காவது வராதா என்று இருக்கும். மயக்கம் வரவேண்டும் என்று சாமியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்காமலே விட்டாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்பத்தூரில் துணி எடுக்கப் புறப்பட்டு, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்தாள். மழை விட்டுக் காற்று சில்லென்று இருந்தது. கோபமோ பசியோ இல்லை. கண் திறந்தபோது தரையில் கிடந்தாள். கீரைக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் அவள் தலையை மடியில் தாங்கியிருந்தாள்.

"இன்னாமா ஆச்சு? யாருக்கு போன் பண்ணணும்?"

"இரும்மா" என்று தாட்சாயிணி பர்ஸைத் துழாவி ரிமோட்டை எடுத்து மார்பருகே வைத்து அமுக்கினாள். பிறகுதான் மகளுக்குப் போன் போட்டாள்.

"பவி, வந்துருச்சுடி!"

பரீட்சையில் பாஸானவள் குரல்போல இருந்தது. பவித்ராவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் லாவண்யா காட்டிய தாளில் மேடும் பள்ளமுமாக ஓடிய கோடு ஓரிடத்தில் தட்டையாகி, நீளமாக அப்படியே போய், பிறகு மறுபடி எழுந்தது. ஒன்பது விநாடி இதயம் துடிக்கவில்லை. வேம்புலி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். தட்டையான கோட்டின்மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தினான். "நின்னே போயிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த வாரத்திலேயே பேஸ்மேக்கர் வைத்தார்கள். தாயம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் ஓரமாக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது, "விசாலுக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. பொண்ணு பூந்தமல்லி. நீ ஒடம்ப பாத்துக்க" என்றாள். அது போதும் என்று தாட்சாயிணி நினைத்தாள்.

புண் ஆறி, லாவண்யா சோதித்துப் பார்த்து அனுமதித்த பிறகு, கோபி சாவியைத் திருப்பிக் கொடுத்தான். ஒரு தாய் மட்டும் தன் பிள்ளையை வேறு வேனில் சேர்த்துவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று தாட்சாயிணி சொல்வாள்.

ஆறு மாதம் கழித்துச் சோதனைக்குப் போனபோது, பேஸ்மேக்கர் இதுவரை பல தடவை வேலை செய்திருக்கிறது என்றார் லாவண்யா.

"எப்ப மேடம்? எனக்கு ஒண்ணுமே தெரிலயே."

"தெரியாதுதான். இதயம் நிக்கப் பாக்கும்போது அது துடிக்க வச்சிரும்."

"வண்டி ஓட்டறப்போவா?"

"இருக்கலாம். சமைக்கும்போதா இருக்கலாம், தூங்கும்போதா இருக்கலாம்."

தாட்சாயிணி அடுத்த சோதனைக்கு எப்போது வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.