சலாதுப் பெட்டியும் மிளகு பட்டரும்

சமைத்து விற்கிறவர்கள் தப்பு நடந்தால் அடுப்பைக் குறை சொல்லலாம். பச்சையாக விற்கிற எனக்கு அந்த வசதியும் இல்லை. வீட்டிலிருந்து சாப்பாடு விற்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாத பயமா? பிள்ளைக்கு இன்னும் ஒரு வயதாகவில்லை. இது ஓடாவிட்டால் அவளை விட்டுவிட்டுக் கண்டிக்கு வேலைக்குப் போக வேண்டும். அதனால் சலாது இலையை உப்புத் தண்ணீரில் கழுவி, திரும்பவும் கழுவி, கான்வென்டில் சிஸ்டர் சொல்லித் தந்தபடி பப்பாசி, அன்னாசி, வறுத்த கஜு சேர்த்து, மேலே ஊற்றும் சாற்றைத் தனிப் போத்தலில் வைத்துக் கொடுக்கிறேன்.

முதல் பெட்டி

உக்குவளையில் எங்கள் பக்கத்து வீட்டு ராத்தாதான் முதலில் வாங்கினார். மறுநாள் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்தார். வயிற்றுக்கு ஏதும் செய்ததோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். "கைப்பிள்ளைக்காரி, அவசரத்துல அடுப்பில வைக்க மறந்துட்டீங்க போலன்னு நானே தேங்காப்பூவும் மாசிக்கருவாடும் போட்டுச் சுண்டிட்டேன் புள்ள. அன்னாசிதான் கடைசி வரைக்கும் வேகவே இல்ல!"

ஒபிஸ் ஓடர்

டவுனில் ஓர் ஒபிஸுக்குப் பகல் சாப்பாட்டுக்கு அனுப்பினேன். பியோன் அண்ணன் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் இலை அப்படியே இருக்கிறது. "கஜு எல்லாம் முடிஞ்சிருச்சு மிஸ். இலையில கை வைக்கல்ல, நீங்க நாளைக்கும் அதையே போடலாம்."

ரிவர்ஸ்டன் விடுதி

இது நிலைத்தால் கண்டிக்குப் போக வேண்டியதில்லை. மலை மேலிருக்கிற விடுதி, அவ்வளவு பெரிய ஓடர். சாற்றுக்கென்று சிஸ்டர் சொன்ன ஒலிவ் எண்ணெய்க்கு நான் எங்கே போவது? தேங்காயெண்ணெயில் தேசிப்புளி, தேன், இடித்த மிளகு போட்டு நன்றாக அடித்து அனுப்பினேன். எங்கள் வெக்கையில் தண்ணீராய் ஓடுகிற எண்ணெய் அந்த மலைப் பனியில் கட்டியாகும் என்பது, விடுதி மேனேஜரின் போன் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"மிஸ், போத்தல கவுத்தா ஒண்ணும் விழல்லயே," என்றார். பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அவள்தான் எனக்குப் பதிலாகக் கத்தினாள்.

"பிள்ளைய அழ விடாதீங்க, கேளுங்க. கத்தியால தோண்டி வச்சோம். வெள்ளக்காரங்க பாண்ல பூசித் தின்னுட்டு, இந்த மிளகு பட்டர் எங்க வாங்கினீங்கன்னு கேக்குறாங்க. கிழமைக்கு ரெண்டு தடவை அனுப்புங்க மிஸ், இலை கொஞ்சமா இருந்தாலும் பரவாயில்ல!"

நான் விற்பது சலாதா பட்டரா என்று இப்போது யார் கேட்டாலும், பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்று மட்டும் சொல்லப் பழகியிருக்கிறேன்.