இளவரசி நின்ற நாற்பத்தாறு படங்கள்

காடாம்புலியூர் ராஜமாணிக்கத்துக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அதுதான் அவரைக் கவிழ்த்தது. முந்திரியிலும் பலாவிலும் ஒட்டுக்கன்று போட்டு விற்கிற மனிதர். ரோட்டோரத்தில் சின்ன நர்சரி. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், நாற்பது வயதில் கடலூருக்கு பஸ் ஏறிப்போய், கம்ப்யூட்டர் சென்டரில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே மூன்று மாதம் உட்கார்ந்து, நர்சரிக்கு ஒரு வெப்சைட்டைத் தன் கையாலேயே செய்து முடித்தார். இரண்டாயிரத்து ஒன்பதில் அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வந்தது?

படங்களுக்குக் குறைவில்லை. மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கேமரா இருந்தது. கன்றின் உயரம் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாலு வயது மகள் இளவரசியை நிறுத்தி எடுத்தார். மொத்தம் நாற்பத்தாறு படம். அவள் சும்மா நிற்பாளா? ஒன்றில் நாக்கை நீட்டினாள், ஒன்றில் இலையைப் பிய்த்துக் காதில் செருகிக்கொண்டாள்.

"அப்பா, நா ஒசரமா, செடி ஒசரமா?"

"நீதாண்டி ஒசரம். ஆடாம நில்லு."

சைட்டை ஏற்றிய கையோடு சிதம்பரத்திலிருந்து சாய்நாத் என்பவர் போன் செய்தார். குமராட்சிப் பக்கம் புதிதாக நிலம் வாங்கியவர், கன்று தேடிக்கொண்டிருந்தார். "சார், உங்க சைட்ட தொறந்து வெச்சிட்டு கடைத்தெருவு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். இன்னும் பலா பாதிதான் வந்திருக்கு. அடியில நிக்கிறது கொழந்தையா, தொட்டியான்னு கூடத் தெரியல!"

ராஜமாணிக்கத்துக்கு மானமே போய்விட்டது. மறுநாளே கடலூருக்கு ஓடினார். சென்டரில் பாடம் நடத்தும் ஸ்வர்ணலதா படங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒவ்வொரு படமும் மூணு எம்பி இருக்குது! செவுத்துல ஒட்டுற போஸ்டருக்குத்தான் இவ்ளோ பெருசு வேணும். இதச் சின்னது பண்ணிப் போடுங்க, டக்குனு வந்துடும்."

ஒரு ஃபோல்டரில் இருக்கிற படத்தையெல்லாம் ஒரே அமுக்கில் சுருக்குகிற சாப்ட்வேரைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். பெரிய படங்களை வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். சொல்லாமல் விடவில்லை.

அவரும் காப்பி எடுத்து, அந்தக் காப்பியைச் சுருக்கினார். ஆனால் இரண்டு ஃபோல்டரிலும் ஒரே பெயரில் படங்கள். எது பெரியது, எது சின்னது என்று குழம்பி, பெரியதையே மறுபடி சைட்டில் ஏற்றிவிட்டார். கடுப்பாகிவிட்டது. இரண்டு ஃபோல்டர் இருந்தால்தானே இந்தத் தொல்லை என்று காப்பியை அழித்தார். மிச்சமிருந்த ஃபோல்டரைச் சுருக்கி, பழைய படங்களின் மேலேயே சேமித்தார். அதே ஃபோல்டரில் மகளின் காதுகுத்துப் படங்களும் கிடந்தன; அவையும் சுருங்கின. கேமராவில் இருந்ததை எப்போதோ துடைத்தாயிற்று. பழையது போய்விடும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர்கூட ஒரு தரம் கேட்டது. எஸ் என்று அமுக்கினார். அட பாவி மனுஷா, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சோம்பேறியாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா!

சைட் சொடக்குப் போடுவதற்குள் திறந்தது. சாய்நாத் அறுபது கன்று வாங்கிப் போனார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ராஜமாணிக்கம் அதைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தார்.

மறு வருஷம் ஐப்பசி மழையில் இளவரசிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வரும்போது வேனில் அவளைத் துணியில் சுற்றி, அம்மா மலர்க்கொடியின் மடியில் கிடத்தித்தான் கொண்டுவந்தார்கள். எழுதவே கை வரவில்லை.

மார்கழி வரைக்கும் மலர்க்கொடி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் புருஷனிடம் சொன்னாள். "பொங்கலுக்குப் புள்ளைக்குப் படைக்கணும். கம்ப்யூட்டர்ல அவ படம் நெறைய இருக்குதுல்ல, ஒண்ணப் பெருசா போட்டு எடுத்துட்டு வாங்க. செவுரு நெறைய இருக்கணும்."

அவள் கேட்ட ஒரே பொருள் அது. ராஜமாணிக்கம் விஷயத்தைச் சொல்லத் துணியாமல், படங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பண்ருட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கண்ணாயிரத்திடம் போனார். கண்ணாயிரம் படத்தை இழுத்துப் பெரிதாக்கினார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும்.

"பெருசு ஒண்ணுகூட இல்லியாண்ணே?"

"இல்லப்பா."

"சரி, நா வரைஞ்சி சரி பண்ணித் தரேன். பக்கத்துல ஒக்காந்து சொல்லுங்க. கண்ணு பெருசா, இடுங்குன கண்ணா? மூக்கு எப்புடி?"

ராஜமாணிக்கம் திரைப்பக்கம் குனிந்து உற்றுப் பார்த்தார். எந்தக் கன்றில் எத்தனை இலை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பெற்ற மகளின் மூக்கு எப்படி என்று சொல்ல வரவில்லை. படத்தில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்ட முகம். பென் டிரைவைக்கூட எடுக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் மலர்க்கொடி சுவரைத் துடைத்து ஆணியும் அடித்து வைத்திருந்தாள். "எங்க படம்?"

"மலரு, சைட்டு சீக்கிரம் வரணும்னு படத்தையெல்லாம் நாந்தான் சின்னதாக்கிட்டேன். பெருசா போட்டா மூஞ்சி தெரியல."

"காதுகுத்துல எந்தம்பி மடியில ஒக்காந்துருப்பாளே, அது?"

"அதுவுந்தான்." கண்ணாயிரம் கேட்டதையும், தனக்குச் சொல்ல வராமல் போனதையும் தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மலர்க்கொடி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் வரலியே. கண்ண மூடுனா ஆஸ்பத்திரியில கெடந்த மூஞ்சிதான் வருது. அதுக்குத்தாங்க படத்தக் கேட்டேன்."