பீச்சாங்கைப் பிள்ளை

நார்வேயில் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இடது கைக்காரர்களுக்கென்று தனிக் கத்தரிக்கோல் வைத்திருக்கிறார்கள். பச்சைப் பிடி போட்டது. முதல் நாள் டீச்சர் இங்கெர் அதை எடுத்துப் பொன்னியின் கையில் கொடுத்தபோது சிரிப்பதா முறைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பீச்சாங்கைக்கு ஒரு கத்தரிக்கோலா? எங்கள் திருச்சுழிப் பக்கம் அந்தக் கை எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடுவது, காசு கொடுப்பது, எழுதுவது எல்லாம் சோத்தாங்கையில்தான். இங்கே பிள்ளை எந்தக் கையில் எழுதினாலும் எத்தனை பிழையோடு எழுதினாலும் திருத்த மாட்டார்கள். மனதில் இருப்பது தாளுக்கு வந்தால் போதுமாம். வந்தது. வந்த பிறகு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

போன கோடை விடுமுறைக்குப் பாலவனத்தத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். மதினி பந்தல்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைக்குத் தமிழ் எழுத வராது என்று நான் சொன்னதும் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொன்னி இடது கை விரலை நீட்டினாள். மதினி அதைத் தட்டிவிட்டார். மறுபடியும் அதே விரல். மதினி தன் மகளின் சடை ரிப்பனை அவிழ்த்து, பொன்னியின் இடது கையை அவள் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்.

“எங்க வகுப்புல எத்தன பீச்சாங்கைய மாத்திருக்கேன். இவ என்ன, வெள்ளக்காரத் துரைச்சியா?” என்றார். வீடே சிரித்தது. பொன்னியும் சிரித்தாள். அன்று ‘அ’ எழுதினாள். ஊருக்குக் கிளம்புவதற்குள் தன் பெயரையே எழுதிவிட்டாள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் இடது கையில் சிலேட்டுக்குச்சியைப் பிடித்தவனுக்கு டஸ்டர் கட்டையால் முட்டியில் விழும். அதோடு பார்த்தால் ரிப்பன் எனக்குக் கொஞ்சலாகத்தான் தெரிந்தது. சந்தோஷமாகப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.

பள்ளி திறந்ததும் விடுமுறையைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பொன்னி நார்வே மொழியில் எழுதினாள்: அத்தை என் கையைக் கட்டினார், அம்மா பார்த்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் படம் வேறு. படத்தில் இருந்த பிள்ளைக்கு ஒரு கைதான் இருந்தது. இங்கெர் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டியபோது, தெரிந்த அரைகுறை மொழியில் விளக்கினேன். எங்கள் ஊரில் இது வழக்கம், எல்லாப் பிள்ளைக்கும் செய்வதுதான், அன்பாகத்தான் கட்டினார்கள் என்றேன். அவள் முகம் வெளுத்தது.

“அன்பாகக் கட்டினார்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமாம் என்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

இங்கே பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. இங்கெர் அங்கே தகவல் சொல்லிவிட்டாள். வீட்டில் வைத்திருப்பது நல்லதில்லை என்று அவர்கள் முடிவு செய்தால் பிள்ளையை வேறு வீட்டில் விட்டுவிடலாம். புலம்பெயர்ந்த தமிழர் யாரைக் கேட்டாலும் குரலைத் தாழ்த்தி ஒரு கதை சொல்வார்கள். எது உண்மை, எது பொய் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் எல்லாமே உண்மை என்றுதான் பட்டது. காலிங் பெல் அடித்தால் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். பொன்னியைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது, சாயங்காலம் அவளை என்னிடம் கொடுப்பார்களா என்று பயந்தேன். மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் போனில் இருந்த போட்டோவை அழித்தார். அழித்ததற்கும் கேள்வி வருமோ என்று பிறகு அதற்கும் பயந்தார்.

மதினிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவரும் விடவில்லை. “கையக் கட்டுனதுக்கா புள்ளையப் பிடுங்குவாக? எந்த ஊரு நாயம் அது? பெத்தவ ஒரு வார்த்த பேசத் தெரியாம அங்க என்ன செய்றவ?” என்றார். எனக்கு இரண்டு பக்கமும் ஆத்திரம். ஏழு வயதுப் பிள்ளையின் கையைக் கட்டி எழுத வைத்தவர்கள் மீதும், அந்தப் பிள்ளை எழுதியதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் வருகிறவர்கள் மீதும்.

வந்தார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும். காலணியை வாசலிலேயே கழற்றினார்கள். பொன்னியைத் தனி அறையில் வைத்துப் பேசினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் நின்றோம். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரித்தபடியே என்ன சொல்கிறாளோ என்று கதவில் காதை வைத்தேன். வெளியே வந்து, பயப்பட ஒன்றுமில்லை, இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள் என்றார்கள். கைகொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்து பார்ப்போம் என்றும் சொன்னார்கள்.

போன ஞாயிறு மத்தியானம் பொன்னி தானாகவே தட்டில் அரிசியைக் கொட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டு வலது விரலால் எழுதினாள். யாரும் சொல்லவில்லை.

கையை வெளியே எடு, அந்தக் கையிலேயே எழுது என்றேன்.

“அந்தக் கையில தமிழ் வராதும்மா” என்றாள், தலையைத் தூக்காமல்.

நான் எழுந்து போய், தெருவில் யாரும் பார்த்துவிடாதபடி திரைச்சீலையை இழுத்து மூடினேன். இருட்டில் எழுத்து தெரியவில்லை, சரியா என்று நீயே பார் என்று அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.