அக்காவின் வேன் நின்ற இடங்கள்

அக்காவின் இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதி இல்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள் பலர் இருக்க, தம்பி நான் முந்திக்கொண்டு எழுதுவதை உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவோடு அந்த வேனில் உட்கார்ந்திருந்தவன் நான் என்பதால், அக்காவின் கணவரான மாமா என்னையே எழுதச் சொன்னார்.

அக்கா காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். உட்கார்ந்து சாப்பிட்டு அவரை நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவார். மாமாவைத் திருமணம் செய்துகொண்டு தம்போயில் ஓர் அடுக்குமாடிக்கு வந்தார். மாமாவுக்கு வேலை இல்லாமல் போன காலத்தில் அக்கா ஒரு பழைய வேனை வாங்கி, அதே அடுக்குமாடியில் இருந்த ஐந்து பெண்களைத் தினமும் தொழிற்சாலைக்கு ஏற்றிச் சென்றார். பிறகு மாமா சிங்கப்பூரில் ஷிப்டு வேலைக்குப் போனார். அப்போதும் அக்கா வேனை விடவில்லை. வீட்டில் இருந்தால் தனக்குக் கை கால் நடுங்குகிறது என்பார்.

போன ஆயுத பூஜைக்கு அடுத்த வாரத்திலிருந்து அந்த வேன் தொல்லை கொடுத்தது. காலையில் நன்றாகக் கிளம்பும். அரை மணி ஓடியதும் இருமும், குலுங்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அக்கா முன் இருக்கையைத் தூக்கிவிட்டு, அதற்கு அடியில் எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டரைத் திருப்புளியின் பிடியால் தட்டுவார். பட்டறையில் பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார்கள். நிற்பது குறையவில்லை. பம்பை மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் காற்று அடித்தார்கள். பட்டறைக்காரர் ஆ செங் ஓட்டிப் பார்க்கும்போது வேன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர் ஓட்டும் சுற்று பத்து நிமிடம்தானே.

அந்தப் பெண்கள் அடிக்கடி தாமதமாகப் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவர்களில் மூத்தவரான சரசு இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சூப்பர்வைசர் எச்சரிச்சிட்டான். திங்கக்கெழம நின்னுச்சுன்னா நாங்க வேற வேன் பாத்துக்கிறோம்லா."

அன்று இரவு அக்கா தூங்கவில்லை என்று மாமா சொன்னார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றாராம் மாமா.

ஞாயிறு காலை அக்கா என் வீட்டுக்கு வெளியே வேனை நிறுத்தி ஹார்ன் அடித்தார். நிற்கும்வரை ஓட்டுவோம், நின்றால் நின்ற இடத்தில் பார்ப்போம் என்றார். கூலாய் ஊரைத் தாண்டியதும் ஒரு முறை நின்றது. தட்டினார், காத்திருந்தார், சாலையோரம் நடந்தார், கிளப்பினார். ஆயர் ஈத்தாமில் பானைக் கடைகளுக்கு எதிரே மறுபடி நின்றது. பெட்ரோல் காட்டும் முள் பல காலமாகவே வேலை செய்யாது. ஒருவேளை பெட்ரோலே தீர்ந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மூடியைத் திறந்து பார்க்கலாமே என்றேன்.

அக்கா மூடியைத் திருகினார். புஸ்ஸென்று தொட்டி காற்றை உள்ளே இழுத்தது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உள்ளே பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. வேன் உடனே கிளம்பியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்கு அதில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. அதன்மேல் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஆயுத பூஜையன்று ஸ்டீயரிங், சக்கரம், கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், பெட்ரோல் மூடியையும் விடவில்லை. அக்கா எதையும் கொஞ்சமாகச் செய்ய மாட்டார்.

தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கை எடுத்து ஓட்டையைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தார்.

"சாமிக்கு வச்சதுடா. நம்ம கழுத்தையே பிடிச்சிருச்சு," என்று சிரித்தார்.

வீடுவரை எங்கேயும் நிற்கவில்லை. திங்கட்கிழமை ஐவரும் நேரத்துக்கு வேலைக்குப் போனார்கள். பிறகு யாரும் வேறு வேனைப் பற்றிப் பேசவில்லை.

சில மாதங்களில் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனம் என்றார்கள். மருத்துவமனைப் படுக்கையிலும் அவர் கால்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்கள் பஸ்ஸில் போய்வருவதுதான் அவருக்குப் பெரிய கவலை.

"நீ ஓட்டுடா. அவங்க வேற எடத்துக்குப் போயிட்டா திரும்ப வர மாட்டாங்க."

"எனக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஓட்ட பயமா இருக்குக்கா. பாக்கலாம்."

"பாக்கலாம்னா பாக்க மாட்டே. எனக்குத் தெரியாதா ஒன்ன?"

மறுநாள் விடியும் முன் அக்கா நம்மை விட்டுப் போனார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட தாதியருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், பட்டறையை மூடிவிட்டு வந்து நின்ற ஆ செங்குக்கும், காஹாங்கிலிருந்து வந்த சொந்தங்களுக்கும், பேர் சொல்ல விட்டுப்போன அனைவருக்கும் மாமா சார்பிலும் என் சார்பிலும் வணக்கமும் நன்றியும்.

தகனம் முடிந்த மறுநாள் வேலை நாள். காலையில் சரசுவும் மற்ற நால்வரும் கீழே வந்து நின்றார்கள். நான் வேனை எடுத்தேன். மணி அடிப்பதற்கு முன்பே தொழிற்சாலை வாசலில் இறங்கினார்கள்.